ஜெபம் வராத நாட்களில் ஜெபிக்கும் முறை

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கடன் ஏறும்போதும், வீட்டில் ஒருவர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும், திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை வாரக்கணக்கில் போன் எடுக்காதபோதும், "விடாமல் ஜெபியுங்கள்" என்று சபையில் எல்லாரும் சொல்வார்கள். எப்படி ஜெபிப்பது என்று சொல்கிறவர்கள் குறைவு. மனம் மரத்துப்போன நாளில் வாய் திறக்காது. வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடும், பொருள் ஏறாது. அந்த நாட்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எந்தச் சபையில் இருந்தாலும் இதைக் கைக்கொள்ளலாம். நீலகிரி மலையில் வாழும் குடும்பங்களின் நேரத்தையும் குளிரையும் வேலையையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

நேரத்தைக் குறைத்து ஆரம்பியுங்கள்

கஷ்டம் வந்த முதல் வாரத்தில் பலரும் பெரிய தீர்மானம் எடுத்துவிடுகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பேன் என்பார்கள். புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்துக்கிடக்கும் மார்கழியில், ஊட்டியிலோ கேத்தியிலோ அது இரண்டு மூன்று நாள் நடக்கும். அதற்கு மேல் உடம்பு எழாது. ஏற்கெனவே இருக்கிற பாரத்தோடு "என்னால் ஜெபிக்கக்கூட முடியவில்லையே" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். பிறகு வேதத்தைப் பார்த்தாலே கூச்சமாகி, மொத்தமாக விட்டுவிடுவார்கள். விசுவாசம் தளர்ந்ததாக நினைக்கப்படும் பல சமயங்களில் உண்மையில் தளர்ந்தது தாங்க முடியாத அந்த அட்டவணைதான்.

ஆகவே அளவைக் குறைத்துவையுங்கள். காலையில் 5 நிமிடம், நடுப்பகலில் 1 நிமிடம், இரவில் 10 நிமிடம். முதல் ஆறு வாரத்துக்கு இதைக் கூட்டவே வேண்டாம். நன்றாக வருகிற நாளிலும் நேரமானதும் எழுந்துவிடுங்கள். நாளைக்கும் உட்கார மனம் வரவேண்டும்.

காலை நேரத்தை ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுவது நல்லது. டீத்தண்ணீரை அடுப்பில் வைத்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்காருங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடும். கட்டிலில் படுத்தபடி ஜெபித்தால் பாதியில் தூக்கம் இழுத்துக்கொள்ளும். முழங்கால் வலி உள்ளவர்கள் மனையிலோ நாற்காலியிலோ உட்காரலாம், அதில் குறைவொன்றும் இல்லை. அந்த ஐந்து நிமிடம் முடியும்வரை செல்போனைத் தொடாதீர்கள். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வாக்குத்தத்த வசனமும் யூடியூப் பிரசங்கமும் நல்லவைதான், ஆனால் அவை மற்றவர் உங்களிடம் பேசுவது. ஜெபத்தில் நீங்கள் பேசவேண்டும். அச்சிட்ட வேதாகமம் ஒன்றும் ஒரு டார்ச்சும் பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஐந்து நிமிடத்தின் ஒழுங்கு இதுதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி, மூன்று முறை மெல்ல மூச்சு விட்டு உட்காருங்கள். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, அவசரமில்லாமல், ஒரே ஒரு முறை வாசியுங்கள். பிறகு இன்றைய தினத்துக்காக மட்டும் ஒரு வாக்கியம் கேளுங்கள். "என் வாழ்க்கையை மாற்றும்" என்பதைவிட "இன்றைக்கு மேஸ்திரியிடம் பேசும்போது என் நாவைக் காத்துக்கொள்ளும்" என்பது ஜெபிக்க எளிது, சாயங்காலம் திரும்பிப் பார்க்கவும் எளிது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடியுங்கள். அவர் அன்றன்றைய அப்பத்தைத்தான் கேட்கச் சொன்னார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தூதன் முதலில் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார். இரண்டாவது தடவையும் சாப்பாடுதான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகு (1 இராஜாக்கள் 19). ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ராத்திரி கண்விழித்தவர் வீட்டுக்கு வந்து ஜெபிக்க முடியாமல் தவித்தால், முதலில் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கட்டும்.

சொந்த வார்த்தை இல்லாதபோது

சொந்த வார்த்தை வரவில்லையென்றால் ஏற்கெனவே இருக்கிற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவே சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னார். கெத்செமனேயில் மூன்று தடவையும் ஒரே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். சொன்னதையே சொல்கிறோமே என்று வருந்த வேண்டியதில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெபமாலை இந்த வேலையைச் செய்கிறது. மனம் எங்கே அலைந்தாலும் விரலும் உதடும் அதன் பாட்டுக்கு நகரும். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கீர்த்தனையும் அப்படித்தான். மூன்று சரணமும் தெரிந்த ஒரு பாட்டைத் தேர்ந்து, ஒரு மாதம் அதையே பாடுங்கள்.

எந்தச் சங்கீதம் என்று கேட்பவர்களுக்கு: தூக்கம் வராத இரவுக்கு 4 அல்லது 77. இந்த இரண்டாவதில் "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்றே இருக்கிறது. நோய்க்கு 6, 38, 41. செய்த தப்பு உறுத்தினால் 51, 130. நம்பியவர் துரோகம் செய்திருந்தால் 55. பிள்ளைகள் மலையைவிட்டுக் கீழே போய்விட, வயதான காலத்தில் தனியாக இருப்பவர்களுக்கு 71. பயத்துக்கு 46, 121. ஒன்றுமே விடியாத நாளுக்கு 88. அதன் கடைசி வார்த்தை வரை இருட்டுதான், ஆறுதல் சொல்லி முடியவில்லை. அப்படி ஒரு ஜெபத்தைத் தேவன் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

படுக மொழி பேசும் வீடுகளில் ஆராதனை தமிழில் நடந்தாலும், அழுகை வரும்போது வருவது வீட்டு மொழி. கேத்தியில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து மிஷனரி சங்கத்தின் வேலை தொடங்கியது 1846இல். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் தமிழில் ஜெபித்தால்தான் ஜெபம் என்று சில பெரியவர்கள் எண்ணுவதுண்டு. தனி ஜெபத்துக்கு அந்தக் கட்டு வேண்டாம். சாமுவேலின் தாய் அன்னாள் உதடு மட்டும் அசைய, சத்தமே கேட்காமல் ஜெபித்தாள். ஆசாரியனுக்குப் புரியவில்லை, கர்த்தர் கேட்டார்.

புலம்பலை எழுதுங்கள்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நம் ஜெபக்கூட்டங்களில் அது கிட்டத்தட்ட மறைந்துபோய்விட்டது. கண்ணீரோடு வந்தவரைக்கூட உடனே "ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று திருப்பிவிடுகிறோம். சொல்லாமல் அடக்கிய குறை உள்ளேயே தங்கும், அது மெல்ல மெல்ல தேவனிடமிருந்து விலகலாக மாறும். குறையை அவரிடமே கொண்டுபோகிறவர் இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். விசுவாசம் அங்கே உயிரோடு இருக்கிறது.

மாதிரிக்கு 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அது முறையீடு. 3, 4 வசனங்கள் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6இல் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறது. சத்துரு போய்விட்டான் என்று எங்கும் இல்லை. நிலைமை அப்படியே இருக்கும்போது வந்த திருப்பம் அது.

அதே மூன்று பகுதியில் உங்களுடையதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எட்டு பத்து வாக்கியம் போதும். சிறு தேயிலை விவசாயி ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, இன்னும் எத்தனை மாதம் இப்படியே போகும்? பேக்டரிக்குக் கொடுத்த இலைக்குப் பணம் இன்னும் வரவில்லை. உரக்கடையிலிருந்து தினமும் போன் வருகிறது. நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்? எனக்கு உம்மேல் கோபமாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் கணக்குத்தான் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சின்னவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டும், வழி காட்டும். கடைக்காரரிடம் நேரில் போய் உள்ளதைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடும். அப்பா இறந்த வருஷம் எங்களை நீர் பட்டினி போடவில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் உம்மைத்தான் பிடித்திருக்கிறேன். ஆமென்."

இதில் முறையீடு பேக்டரி, உரக்கடை, ராத்திரி இரண்டு மணி என்று குறிப்பாக வருகிறது. விண்ணப்பத்தில் ஒன்று நடக்கவேண்டிய காரியம், இன்னொன்று அந்த விவசாயி தானே செய்யவேண்டிய காரியத்துக்கான பலம். நம்பிக்கை வாக்கியம் தன் வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றின்மேல் நிற்கிறது.

தவறிப்போகிற இடங்கள் வழக்கமாக மூன்று. முதலாவது, முறையீட்டை ஒரு வரியில் முடித்துவிட்டு அவசரமாகத் துதிக்குத் தாவுவது. அப்படி எழுதியதை மறுநாள் வாசித்தால் உங்களுக்கே ஒட்டாது. இரண்டாவது, முறையீடு முழுவதும் மாமியாரைப் பற்றியோ மேனேஜரைப் பற்றியோ போய்விடுவது. அவர்களைச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் "நீர்" என்று அவரை நோக்கித் திருப்புங்கள். மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது: நம்பாததை நம்புவதாக எழுதுவது. "என் கடன் தீர்ந்துவிட்டது என்று விசுவாசிக்கிறேன்" என்று எழுதி, உள்ளே நடுங்கிக்கொண்டிருப்பது. எழுத முடிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ஒன்றுமே வராவிட்டால், பிள்ளைக்காக வந்து நின்ற அந்தத் தகப்பன் சொன்னது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). அந்த அரைகுறை விசுவாசத்தை வைத்துத்தான் பிள்ளை சுகமானான்.

வாரத்துக்கு ஒரு புலம்பல் போதும். தேதி போடுங்கள். தினமும் எழுதினால் காயத்தைக் கிளறுவதாகிவிடும். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம், பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதவைக்கலாம்.

நடுப்பகலில் ஒரு நிமிடம்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போதோ, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ ஒரு சிறு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது "இயேசுவே, தாவீதின் குமாரனே", விடும்போது "எனக்கு இரங்கும்". குருடனான பர்திமேயு வழியோரத்தில் கூப்பிட்டது இதைத்தான். பத்து முறை சொன்னால் ஒரு நிமிடம் ஆகும். பதற்றம் ஏறும்போது நீளமான ஜெபம் ஓடாது, இது ஓடும்.

இரவு ஜெபம், ஒரே அறை வீட்டில்

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் சமைப்பதும் படிப்பதும் படுப்பதும் ஒரே இடம். டிவியை நிறுத்தச் சொன்னால் சண்டை, பிள்ளைக்குப் பரீட்சை. பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் குடும்ப ஜெபம் தண்டனையாகிவிடும். ஒரு பாட்டில் ஒரு சரணம், எட்டு பத்து வசனம், ஆளுக்கு ஒரு வாக்கியம், கர்த்தர் கற்பித்த ஜெபம், அவ்வளவுதான். வசனத்தைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு வாக்கியம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்பாவே எல்லாவற்றையும் ஜெபித்து முடித்தால் மற்றவர்கள் ஆமென் சொல்லப் பழகுவார்களே தவிர, ஜெபிக்கப் பழகமாட்டார்கள்.

ஜெபத்தை யாருக்கும் புத்தி சொல்லப் பயன்படுத்தவேண்டாம். குடித்துவிட்டு வந்த கணவர் சுவரோரம் சாய்ந்திருக்க, "ஆண்டவரே, சம்பளத்தையெல்லாம் கடையில் கொட்டுகிற இவரைத் திருத்தும்" என்று சத்தமாக ஜெபிப்பது பல வீடுகளில் நடக்கிறது. கேட்கிறவருக்கு அது தேவனிடம் போகிற ஜெபமாகத் தெரியாது, தன்மேல் எறிந்த கல்லாகத் தெரியும். மறுநாள் ஜெப நேரத்துக்கு அவர் வீட்டுக்கே வரமாட்டார். அவருக்காகத் தனியே அழுங்கள். அவர் இருக்கும்போது, அவர் இன்று செய்த ஒரு நல்ல காரியத்துக்காகப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். மேடு ஏறி கேஸ் சிலிண்டரைத் தூக்கிவந்ததாகக்கூட இருக்கலாம்.

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளோடு வாரத்தில் ஒரு நாள், நேரம் குறித்து, போனில் சேர்ந்து ஜெபியுங்கள். சிக்னல் எந்த மேட்டில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அழைப்பில் கல்யாணப் பேச்சையும் பணப் பேச்சையும் எடுக்கவேண்டாம், இல்லையென்றால் மூன்றாவது வாரம் போன் எடுக்கமாட்டார்கள்.

வீட்டில் அமைதியே கிடைக்காதவர்கள் ஆலயத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஊட்டியில் 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த ஸ்தேவான் ஆலயத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். சீசன் நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஊட்டியை ஒட்டிய காந்தல் குருசடி ஆலயத்தில் இயேசுவின் சிலுவைத் துண்டாகப் போற்றப்படும் திருப்பண்டம் இருப்பதால் வேண்டுதலோடு வருகிறவர்கள் நடுவே நீங்கள் அழுதால் யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். பெரும்பாலான ஊர்களில் ஆலயத் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்தாலே போதும்.

நம்பிக்கையை எதன்மேல் வைப்பது

"எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஊகம். சரியாகாமலும் போகலாம். கிறிஸ்தவ நம்பிக்கை, மரித்தவரை எழுப்பினவர் நம்மை விடமாட்டார் என்பதன்மேல் நிற்கிறது. ஆகவே காரியம் நாம் கேட்டபடி நடக்காவிட்டாலும் அது உடையவேண்டியதில்லை. பவுல் தன் சரீரத்தில் முள் என்று சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை உனக்குப் போதும் என்ற பதில் வந்தது. ரோமர் 5இல் அவர் சொல்கிற வரிசையையும் கவனியுங்கள்: உபத்திரவம், பொறுமை, பரீட்சை, பிறகு நம்பிக்கை. நம்பிக்கை கடைசியில் வருகிறது. பொறுத்திருக்கும் நாளிலேயே அது நெஞ்சு நிறைய இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்து உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு ஒரு பயிற்சி: புலம்பல் நோட்டின் பின்பக்கத்தில், ஞாயிறுதோறும், அந்த வாரம் தாங்கிய இரண்டு காரியங்களை எழுதுங்கள். அற்புதம் தேடவேண்டாம். பக்கத்து வீட்டம்மா கொடுத்துவிட்ட குழம்பும், வழியில் காட்டுமாடு நின்றும் ஆபத்தில்லாமல் வந்துசேர்ந்ததும் அதில் சேரும். கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனம் இருப்பது புலம்பல் புத்தகத்தின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில். அதற்கு முன்னும் பின்னும் எருசலேம் இடிந்துதான் கிடக்கிறது.

கவனமாக இருக்கவேண்டியவை

இக்கட்டில் பொருத்தனை பண்ணாதீர்கள். "இது நடந்தால் அதைக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தும் குடும்பங்கள் உண்டு. காணிக்கைக்காகக் கடன் வாங்கச் சொல்லும் எந்த ஊழியரையும் நம்பவேண்டாம். இத்தனை நாளில் இது நடக்கும் என்று தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். தேதி கடந்ததும் பழி உங்கள் விசுவாசத்தின்மேல் விழும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். சீரியல், செல்போன், கோபப் பேச்சு என இவற்றில் ஒன்றை விட்டும் உபவாசிக்கலாம். பிரஷர், வலிப்பு, மனநோய் மாத்திரைகளை ஜெபக்கூட்டத்தில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். யாக்கோபு சொல்கிறபடி மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், மாத்திரையும் வேளை தவறாமல் போகட்டும்.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுவரில் புது விரிசல், திடீரென்று இறுகிப்போன கதவு, சாய்கிற மரமோ மின்கம்பமோ, கலங்கி வரும் ஊற்றுத்தண்ணீர் எதைக் கண்டாலும் உடனே குடும்பத்தோடு வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. முகாமில் உட்கார்ந்து ஜெபிக்கலாம்.

தனியாகச் சுமக்காதீர்கள்

திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். உங்களுக்கும் அப்படி இரண்டு மூன்று பேர் வேண்டும். சபை முழுவதுக்கும் ஜெபக் குறிப்பு கொடுத்தால் மதியத்துக்குள் செய்தி எஸ்டேட் டிவிஷன் முழுக்கப் பரவிவிடும். வாய் காக்கக்கூடிய இருவரைத் தேர்ந்து, "அடுத்த ஒரு மாதம் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு எனக்காக ஜெபியுங்கள்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். ஆயரையோ பங்குத்தந்தையையோ வரச்சொல்லத் தயங்கவேண்டாம். வந்தவரிடம் "எல்லாம் நல்லாயிருக்கோம் ஐயா" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். "என்ன பாவமோ", "உங்களைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க", "ஆண்டவர் காரணமில்லாமல் செய்யமாட்டார்" என்ற மூன்றையும் சொல்லாதீர்கள். போகும்போது அரிசியோ விறகோ கொண்டுபோங்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஜெபியுங்கள். கிளம்பும்போது திரும்ப வரும் நாளைச் சொல்லிவிட்டு, அந்த நாளில் வாருங்கள். காரியம் முடிந்த முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருப்பார்கள், நாற்பதாம் நாளுக்குப் பிறகுதான் ஆள் தேவைப்படும்.

சாவைப் பற்றிய நினைவு திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், ஜெபத்தோடு மருத்துவ உதவியும் தேடவேண்டும். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104ஐயும் அழைக்கலாம். பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்கள் வீட்டில் இருந்தால் அன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள். அப்படி நினைவு வருகிறவரை அந்த ராத்திரி தனியாகப் படுக்கவிடாதீர்கள்.